முன்வலது றெக்கையில் ஒரு சந்தனப் பொட்டு

நீங்கள் பொய் சொன்னீர்கள். டயர் விளம்பரத்தை எடுத்த இயக்குநராகிய உங்களைத்தான் சொல்கிறேன். பரிசு வாங்கிய மேடையில், மைக்கைப் பிடித்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டும்படி சொன்னீர்கள். பந்தயக் கார் திருப்பத்தை முடித்து நேர்ப்பாதையில் பாயும்போது அதன் பின்சக்கரத்தை ஒட்டியே கேமரா பறக்கிற அந்த ஆறு நொடிக் காட்சி, முழுக்கக் கம்ப்யூட்டரில் செய்தது என்றீர்கள். படம் லேசாக நடுங்குகிறதே, அந்த நடுக்கத்தைக் கொண்டுவர உங்கள் ஆட்கள் மூன்று வாரம் உட்கார்ந்தார்கள் என்றீர்கள்.

யாரும் மூன்று வாரம் உட்காரவில்லை. அந்த நடுக்கத்தைப் போட்டது நான். வலது கை மோதிர விரலால் போட்டேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. எப்படி என்று எழுதப்போகிறேன். எழுதினால் வெட்கம் எனக்குத்தான். இருக்கட்டும்.

நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் பட்டறை. தகரக் கூரை. முன்பக்கம் என் வீட்டுக்காரரின் லேத்து, பின்பக்கம் என் மேசை. தண்ணீர் மோட்டார், கிரைண்டர் மோட்டார், டேபிள் ஃபேன், எரிந்துபோன எது வந்தாலும் பழைய கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றித் தருவேன். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. மோட்டாரில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் திமிர் ஒரு சனிக்கிழமை காலையில் போனது. பட்டாபிராமில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற ஒருவர் வந்தார். என்னைவிடப் பத்து வயசு சின்னவர். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசையில் பிரித்தார். நாலு மோட்டார்கள். ஒவ்வொன்றும் தண்ணீர் பாட்டில் மூடியைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. நாலும் கருகியிருந்தன.

"அக்கா, இத்த கட்டித் தர முடியுமா?"

"இன்னாது இது, பொம்மைக் காரு மோட்டாரா?"

"ட்ரோன் மோட்டாருக்கா."

"கல்யாண மண்டபத்துல தலைக்கு மேல சுத்திகினு கீதே, அதுவா?"

"அய்ய, அது சோறு துன்னுட்டு வாக்கிங் போற மாதிரி போவும். இது வேற. ரேஸ் காரு பின்னாலியே போயி படம் புடிக்கணும்."

என் வீட்டுக்காரர் லேத்தை நிறுத்திவிட்டு வந்தார். ஒரு மோட்டாரை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். "இந்த மூடி ரேஸ் காரைத் தொரத்துமா? நைனா, காலைலயே ஆரம்பிச்சிட்டியா?"

"சிரி, அண்ணாத்தே, சிரி. வெறும் ட்ரோன் போயிடும். அது தலைல கேமராவ ஏத்திட்டு முழு வேகம் உட்டா, கால் நிமிஷத்துல பொகையுது. கடைல வாங்குன எல்லா மோட்டாரும் இப்படித்தான் செத்துச்சு."

ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே பன்னிரண்டு இரும்புப் பற்கள். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் ஒரு அரிசி நிற்கிற இடம். அந்த இடத்துக்குள் தலைமுடி போன்ற பல இழைகளைச் சேர்த்து மெஷின் சுற்றியிருந்தது. அவசரச் சுற்று. இழைகளுக்கு நடுவே சந்து விட்டிருந்தது. அந்தச் சந்திலும் செம்பு இருந்திருந்தால் சூடு குறைந்திருக்கும், இன்னும் கரண்ட் தாங்கியிருக்கும். கிணற்று மோட்டாருக்கும் அதே நியாயம்தான்.

"நிமிஷத்துக்கு எத்தினி சுத்து சுத்தும்?" என்று கேட்டேன்.

"முப்பதாயிரம்."

எங்கள் தண்ணீர் மோட்டார் மூவாயிரத்தைத் தொடாது. அதுவே ஓடும்போது மேசை அதிரும். இது அதைப்போலப் பத்து மடங்கு. நான் அந்த மூடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு இரும்புத் துண்டு அவ்வளவு வேகத்தில் சுற்றியும் சிதறாமல் ஒன்றாக இருக்கிறது என்பதே எனக்கு நம்ப முடியாததாக இருந்தது.

பல இழைகளை விட்டுவிட்டு ஒரே தடித்த கம்பியால் சுற்றுவது என்று முடிவு செய்தேன். சொல்வது சுலபம். கம்பியின் மேல் இருக்கிற எனாமல் பூச்சு பல்லின் ஓரத்தில் லேசாகக் கீறினாலும் மோட்டார் காலி. திருப்புளி உள்ளே போகாது. தென்னந்துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உருவி, முனையைத் தேய்த்து மழுக்கி, அதைக் கொண்டு ஒவ்வொரு சுற்றையும் அழுத்தி அழுத்திப் படிய வைத்தேன். கண்ணில் பூதக்கண்ணாடி. மூச்சு விட்டால் கம்பி நகர்ந்தது. முதல் மோட்டாரில் மூன்று முயற்சி வீணாகி, உருவிவிட்டுத் திரும்பச் சுற்றினேன். நாலாவது நின்றது. நாலு மோட்டாரையும் முடிக்க எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் எரிந்துபோன பம்ப்செட்டுகளை வாசலில் போட்டுவிட்டு ஆட்கள் என்னைத் திட்டினார்கள்.

அதற்குள் என் வீட்டுக்காரருக்கும் ஆசை பிடித்துவிட்டது. அலுமினியத்தில் கேமராவுக்கு ஒரு தொட்டில் கடைந்தார். அதிர்வு ஏறாமல் இருக்க, பழைய சைக்கிள் டியூபை வட்ட வட்டமாக வெட்டி நடுவில் வைத்தார். பட்டாபிராம்காரர் கார்பன் தகட்டை வெட்டி வாங்கி வந்து, ஒயர்களை ஈயம் வைத்துப் பற்றவைத்து, எல்லாவற்றையும் ஒன்றாக்கினார். முடிந்த பிறகு பார்த்தால் அதற்கு அழகே இல்லை. நாலு கை, நடுவில் பேட்டரி, மேலே கேமரா, எங்கே பார்த்தாலும் டேப். நசுங்கிய நண்டு மாதிரி இருந்தது.

எங்கள் பக்கம் அதைப் பறக்கவிட முடியாது. ஆவடியைச் சுற்றி ராணுவ இடம். அனுமதி வாங்கிக்கொண்டு பூந்தமல்லி தாண்டி ஒரு மைதானத்துக்குப் போனோம். காலை எட்டு மணி. பட்டாபிராம்காரர் ஒரு பெரிய கண்ணாடியை முகத்தில் மாட்டிக்கொண்டார். ட்ரோன் பார்ப்பது அந்தக் கண்ணாடிக்குள் தெரியும். கையில் இரண்டு குச்சி வைத்த ரிமோட்.

முதலில் அது மெதுவாக எழுந்து, நின்ற இடத்தில் நின்றது. எனக்குச் சப்பென்றுதான் இருந்தது. பிறகு அவர் கட்டை விரலை மேலே தள்ளினார்.

பத்து முழ வேட்டியை ஒரே இழுப்பில் கிழித்த சத்தம். சத்தம் வந்த இடத்தைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. மைதானத்தின் கடைசியில், பனைமரங்களுக்கு அருகே ஒரு புள்ளி திரும்பிக்கொண்டிருந்தது. திரும்பியதும் எங்கள் காதோரம் காற்று வந்தது. புள்ளி இந்தப் பக்கத்துக் கடைசியில் இருந்தது. நடுவில் அது வந்ததை நான் பார்க்கவே இல்லை.

என் வீட்டுக்காரர் எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பார். அன்றைக்கு அவர் அந்தப் புள்ளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்புறம் சொன்னார்: "இன்னொரு தபா உடு."

இறங்கியதும் ஓடிப்போய் மோட்டாரைத் தொட்டேன். டீ கிளாஸ் சூடுதான். பிடித்துக்கொண்டே இருக்க முடிந்தது. எத்தனையோ மோட்டார் கட்டியிருக்கிறேன். தண்ணீர் ஏறும், மாவு அரைபடும், நான் அடுத்த வேலையைப் பார்ப்பேன். ஒரு மோட்டாரைத் தொட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வந்தது அன்றுதான். என் கம்பி அதற்குள் இருந்தது.

இனி, பட்டாபிராம்காரர் உங்களிடம் பேசி வாங்கிய டயர் விளம்பரத்தின் படப்பிடிப்பு நாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பந்தயத் தடத்துக்கு விடியும்போதே வந்துவிட்டோம். எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. கட்டி முடித்த மோட்டார் எதுவும் பொட்டு வைக்காமல் வெளியே போகாது. சந்தனத்தைக் குழைத்து ஒரு வட்டம், நடுவில் குங்குமம். அவசரம் என்று குதிக்கிறவர்கள்கூட அதற்கு நிற்பார்கள். அன்றைக்குக் கிளம்பும் பரபரப்பில் மறந்துவிட்டேன். தடத்துக்கு வந்த பிறகு ஞாபகம் வந்தது. பையில் சந்தன டப்பா இருந்தது.

பட்டாபிராம்காரர் புது றெக்கைகளை மாட்டிவிட்டு ரிமோட்டை எடுக்கப் போயிருந்தார். உங்கள் உதவியாளர் ஒருவர் "ரெடியா, ரெடியா" என்று கத்திக்கொண்டிருந்தார். எங்கே வைப்பது? மேலே கேமரா, நடுவில் பேட்டரி, கைகள் முழுக்க டேப். மோட்டாரின் மேல் வைக்க எனக்கு மனசு வரவில்லை, உள்ளே போய்விடும். டேபிள் ஃபேன் ரிப்பேருக்கு வந்தால் றெக்கையில்தான் வைப்பேன். இத்தனை வருஷத்தில் ஒரு ஃபேனும் குறை சொன்னதில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு அகலமாகச் சுத்தமாக இருந்தது முன்வலது றெக்கை. அதன் ஒரு இதழில் வைத்தேன். அழகாகவே வந்தது.

முப்பதாயிரம் சுற்று என்று நானே கேட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு துளி எடை ஒரு பக்கம் கூடினால் அவ்வளவு வேகத்தில் என்ன ஆகும் என்று காயில் கட்டுகிறவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் பொட்டு வைக்கும்போது நான் காயில் கட்டுகிறவளாக இல்லை. கும்பிடுகிறவளாக இருந்தேன்.

எனக்கும் ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். நீங்கள்தான் கொடுக்கச் சொன்னீர்கள், அதை மறக்கவில்லை. மாட்டிக்கொண்டு கம்பி வேலியைப் பிடித்து நின்றேன்.

கார் திருப்பத்தில் வந்தது. ஒருவர் மட்டும் உட்காருகிற, தரையோடு தரையாகப் போகிற கார். எங்கள் ட்ரோன் மேலிருந்து சரிந்து அதன் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது. டயரின் மேல் இருந்த மஞ்சள் எழுத்தை என்னால் படிக்க முடிந்தது. பிறகு எழுத்து கோடானது. கோடு வளையமானது. வளையமும் மறைந்து டயர் அசையாமல் நிற்பது போலத் தெரிந்தது. அதிலிருந்து சின்னச் சின்ன ரப்பர் துணுக்குகள் கேமராவை நோக்கி வந்துகொண்டிருந்தன. ஓட்டுகிறவரின் ஹெல்மெட் லேசாக இந்தப் பக்கம் சாய்ந்தது. அவர் எங்களைப் பார்த்தார் என்றே நினைக்கிறேன். கார் வேகம் எடுத்தது. ட்ரோனும் எடுத்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கை நீளம்கூட இல்லை. அப்போதுதான் படம் நடுங்க ஆரம்பித்தது. வெயிலில் தார் ரோடு நெளியுமே, அந்த மாதிரி எல்லாமே நெளிந்தது. பூமி தாங்கவில்லை என்று தோன்றியது. வேகம் என்றால் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். என் கால் தரையில் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தால் கண்ணாடிக்குள் தார்தான் ஓடியது.

ட்ரோன் இறங்கியது. நீங்கள் கூடாரத்துக்குள் கத்திக்கொண்டிருந்தீர்கள். சந்தோஷக் கத்தல். பட்டாபிராம்காரர் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து றெக்கையைப் பார்த்தார்.

"அக்கா. இது இன்னா?"

"பொட்டு."

"எங்க வெச்சுகீற?"

"றெக்கைல."

"ஒரு றெக்கைலயா? வெக்கிறதுதான் வெச்ச, எதிர் எதழ்லயும் ஒண்ணு வெச்சிருந்தா பேலன்ஸாவது ஆயிருக்கும்!"

வட்டத்தில் பாதிதான் மிச்சம் இருந்தது. மீதி பறக்கும்போதே தெறித்துப் போயிருந்தது. முழு வேகம் போகாதவரை நடுக்கம் தெரியவில்லை. முழு வேகம் வந்ததும் அந்தத் துளி சந்தனம் மொத்த ட்ரோனையும் உலுக்கியிருக்கிறது. கேமராத் தொட்டில், சைக்கிள் டியூப், எதனாலும் தடுக்க முடியவில்லை. எவ்வளவு பெரிய காரியத்தை எவ்வளவு சின்னது ஆட்டிவைக்கிறது என்று அப்போதும் பிரமிப்பாகத்தான் இருந்தது. வெட்கம் அதற்கு அப்புறம் வந்தது.

"நல்ல வேளை, மாலை போடல," என்றார் என் வீட்டுக்காரர்.

துடைத்துவிட்டு இரண்டாவது தடவை பறக்கவிட்டோம். மூன்றாவது தடவையும். இரண்டும் கண்ணாடியில் வரைந்தது போல அசையாமல் வந்தன. நீங்கள் வெளியே வந்தீர்கள். உங்கள் முகத்தில் முதல் தடவை இருந்த வெளிச்சம் இல்லை.

"ஃபர்ஸ்ட் டேக்ல ஒரு நடுக்கம் இருந்ததே, அது எப்படி வந்தது?" என்று கேட்டீர்கள்.

பட்டாபிராம்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"காத்து சார்," என்றார் அவர்.

"அந்தக் காத்து மறுபடியும் வருமா?"

"வராது சார்," என்றேன் நான்.

இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. முதல் பொய் எங்களுடையது. எனக்காக அவர் சொன்னது. நான் அதற்கு ஒத்து ஊதினேன்.

விளம்பரம் வந்தபோது பட்டறையில் மூன்று பேரும் ஒரு போனைச் சுற்றி நின்று பார்த்தோம். நீங்கள் எடுத்துப் போட்டிருந்தது முதல் தடவை எடுத்ததுதான். நடுங்குகிற அந்த ஆறு நொடி. வெட்டவும் இல்லை, திருத்தவும் இல்லை. என் தப்பை உலகமே ரசித்தது. "ஷோக்கா கீதுக்கா உன் சந்தனம்," என்றார் பட்டாபிராம்காரர். பிறகு பிரியாணிக்கடையில் டிவியில் ஓடியபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் கையை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தியதைப் பார்த்தேன். எனக்கு அது போதும் என்று இருந்தது.

உங்கள் மேடைப் பேச்சு அதற்கப்புறம் வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்தில் பந்தய அணி நடத்துகிற ஒருவர், தன் கார்களைப் படம் எடுக்க எங்களைக் கூப்பிட்டிருந்தார். இந்தக் காட்சியைப் பார்த்துத்தான் கூப்பிட்டார். உங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுப் போன் செய்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"டைரக்டரே கம்ப்யூட்டர்ல பண்ணுனதுன்னு சொல்லிப்போட்டாருங்க. அடுத்தவங்க வேலையக் காட்டி வேலை கேக்கறீங்களா? உங்களுக்கு வெக்கமா இல்லீங்களா?"

"இல்ல சார், அத்த நாங்கதான் பறக்கவுட்டோம்," என்றார் பட்டாபிராம்காரர்.

"அப்ப அவரையே பொதுவுல சொல்லச் சொல்லுங்க. அப்புறம் பேசலாம்."

லேத்து ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் அதை நிறுத்தவில்லை. அவரை அன்றுதான் முதல் தடவையாக ஒருவர் திருடன் என்றார். அவருக்கு அந்தச் சத்தம் தேவையாக இருந்தது.

உங்களுக்கு எத்தனையோ தடவை போன் செய்தோம். ஒரே ஒரு தடவை எடுத்தீர்கள். "ஏங்க, அது மேடைல ஒரு பேச்சுக்குச் சொன்னது. இதைப் போய்ப் பெரிசு பண்ணுவாங்களா?" என்றீர்கள். உங்களுக்கு ஒரு பேச்சு. எங்களுக்கு அது பெயர். இந்த எஸ்டேட்டில் என்னிடம் மோட்டாரைக் கொடுக்கிறவன் உள்ளே என்ன கம்பி போட்டேன் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. நான் சொன்னால் நம்புகிறான். அதுதான் என் தொழில். அதில் நீங்கள் கை வைத்தீர்கள்.

இதை எழுதப்போகிறேன் என்றதும் பட்டாபிராம்காரர் தடுத்தார். "வேணாங்கா. பொட்டு மேட்டர வெளிய சொன்னா நம்மளத்தான் சிரிப்பானுங்க. ட்ரோன் செய்யறவங்களாம், றெக்கைல சந்தனம் பூசுவாங்களாம்னு."

"சிரிக்கட்டும்," என்றார் என் வீட்டுக்காரர். "திருடன்னு சொல்றதுக்கு சிரிக்கிறது தேவல."

அவர் சொன்னதுதான் எனக்கும் சரியென்று பட்டது. அதனால் முழுசாகச் சொல்லிவிட்டேன். காற்று என்று சொன்னது பொய். அது நான் வைத்த பொட்டு. தப்பு என்னுடையது.

இப்போது உங்கள் முறை. ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் விளம்பரத்தை நீங்களே போட்டுப் பாருங்கள். முதல் மூன்று நொடி நடுக்கம் பலமாக இருக்கும். நாலாவது நொடியில் திடீரென்று பாதியாகக் குறையும். கார் அப்போதும் வேகம் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. எனக்குக் காரணம் தெரியும். வட்டத்தில் பாதி தெறித்துப் போனது அந்த நொடியில்தான். பட்டாபிராம்காரரின் கண்ணாடி அதே ஓட்டத்தைத் தனியாகப் பதிவு செய்து வைத்திருக்கிறது. அதிலும் அதே நாலாவது நொடியில் அதே மாதிரிதான் குறைகிறது.

மூன்று வாரம் உட்கார்ந்து நடுக்கத்தைப் போட்ட உங்கள் ஆட்கள், நாலாவது நொடியில் அதை ஏன் பாதியாக்கினார்கள்? பதில் சொல்லுங்கள். எனக்குத் தனியாகப் போன் செய்ய வேண்டாம், நான் எடுக்க மாட்டேன். எங்கே மைக் பிடித்துச் சொன்னீர்களோ, அதே மாதிரி மைக் பிடித்து, எல்லாரும் கேட்கும்படி சொல்லுங்கள்.